அந்த ஐந்து நொடி யாருக்கு?

வாலிகண்டபுரத்திலே கூட்டம் முடிந்து ஒலிபெருக்கிக் குழாயை இறக்கிக் கொண்டிருந்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்துத் தேநீர்க் கடையிலே தோழர்கள் சூழ நின்றுகொண்டிருந்தேன். ஒன்றேகால் மணி நேரம் மேடையிலே முழங்கியவன் நான். ஆனால் அந்த இரவு என்னை வாயடைக்கச் செய்தது ஓர் இளைஞர் கேட்ட ஒரே ஒரு கேள்வி.

"அண்ணே, எங்க லைன்ல ஒரு வண்டிக்கு அறுபது செகண்டு. என் வேலை ஐம்பத்தஞ்சு செகண்டுல முடிஞ்சிடும். ஒருத்தர் வந்தாரு, கடிகாரத்தை வச்சுப் பார்த்தாரு, எழுதிக்கிட்டுப் போனாரு. மறுவாரமே பக்கத்து ஸ்டேஷன் ஸ்க்ரூ ரெண்டு என் கைக்கு வந்துடுச்சு. அந்த அஞ்சு செகண்டு யாருதுண்ணே? கம்பெனியுதா, என்னுதா?"

கார் ஆலையிலே வேலை செய்கிறவர். விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர். காரின் கூரைக்கு உட்புறத்திலே தட்டியைப் பொருத்துவது அவர் பணி. பெயரைக் கேட்காதீர்கள், ஆலையின் பெயரையும் கேட்காதீர்கள். தோழர் வீட்டு உலையிலே தண்ணீர் ஊற்ற நான் விரும்பவில்லை.

ஐந்து நொடி! இதற்கா இவ்வளவு பேச்சு என்று கேட்பவர் கேட்கட்டும். ஐந்து நொடியிலே ஒரு வெற்றிலையை மடிக்கலாம், ஒரு தும்மல் தும்மலாம், அவ்வளவுதானே என்பர். அவர்களும் சேர்ந்தே கேட்கட்டும் இந்தக் கணக்கை.

வீட்டுக்குத் தளம் போடுகிற காட்சியைப் பார்க்காத தோழர் நம்மிலே உண்டா? கீழே கலவை இயந்திரம். மேலே கொத்தனார். நடுவிலே, சாரத்திலும் ஏணியிலுமாக, ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புகிறார்கள். பத்துப் பேரிலே ஒருவர் தாமதித்தால் ஒன்பது பேர் நிற்பார்கள். ஏணியின் நடுப்படியிலே நிற்பவருக்குத்தான் பாரம் அதிகம் என்று மேஸ்திரிக்குத் தெரியும். அங்கே வலுவான ஆளை நிறுத்துவார், அல்லது ஓர் ஆளைக் கூட்டுவார். வரிசையைச் சமன் செய்கிற வித்தை அதுதான். அதையே ஆயிரம் பேருக்குச் செய்தால், சட்டிக்குப் பதில் கார் நகர்ந்தால், அதுதான் கார் ஆலையின் லைன். மேஸ்திரிக்குப் பதில் கணிப்பொறி. வேறுபாடு ஒன்று உண்டு: தளம் போடும்போது மேஸ்திரியின் முகத்தைப் பார்த்து, "கொஞ்சம் நிறுத்துய்யா, கை ஓயுது" என்று சொல்லலாம்.

இனிக் கணக்கு. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர ஷிப்ட் என்றால் 480 நிமிடம். சாப்பாட்டுக்கு 30, தேநீருக்கு இரண்டு முறை பத்துப் பத்தாக 20 கழித்தால், மிச்சம் 430 நிமிடம். 430 கார் வேண்டும் என்று மேலிடம் சொன்னால், ஒரு காருக்கு ஒரு நிமிடம். ஒவ்வொரு நிமிடமும் ஒரு கார் லைனின் முடிவிலே இறங்க வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு கார் வந்து போகவேண்டும். இந்தக் கால அளவுக்கு ஆலைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'டாக்ட்'. ஜெர்மன் மொழிச் சொல். தாளம் என்று பொருள். தாளம் போடுகிறவர் ஒருவர், ஆடுகிறவர் இன்னொருவர்!

அந்தத் தாளத்திலே நமது இளைஞருக்கு வண்டிக்கு ஐந்து நொடி மிச்சம். 430 வண்டிக்கு ஐந்தைந்து நொடி என்றால் 2,150 நொடி. நிமிடமாக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 36 நிமிடம். சாப்பாட்டு இடைவேளையே 30 நிமிடந்தான் தோழர்களே! இரண்டு ஸ்க்ரூவை நகர்த்திய அந்தப் பென்சில், ஒரு மனிதனிடமிருந்து ஒரு சாப்பாட்டு வேளைக்கு மேலே எடுத்துக்கொண்டு போய்விட்டது. யாரும் கூச்சல் போடவில்லை, கதவடைப்பு இல்லை, அறிவிப்புப் பலகையிலே ஒரு வரி கூட இல்லை.

எடுத்த நொடி எங்கே போகிறது? இரண்டு வழி. ஒன்று, தாளத்தையே விரைவாக்கலாம். அறுபதை ஐம்பத்தைந்தாக்கினால் அதே ஷிப்டிலே 430 கார் 469 ஆகும். முப்பத்தொன்பது கார் கூடுதல். இன்னொன்று, காரின் எண்ணிக்கையைக் கூட்டாமல் ஆளைக் குறைக்கலாம். ஆயிரம் பேர், ஆளுக்கு 55 நொடி வேலை. அந்த வேலை முழுவதையும் அள்ளி ஆளுக்கு 60 நொடியாக நிரப்பினால் 917 பேர் போதும். மிச்சம் 83 பேர்? அவர்களிலே முதலிலே வெளியேறுகிறவர் யார் என்று கேட்டால், ஒப்பந்தத் தொழிலாளிக்கு விடை தெரியும்.

இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, இவர்கள் இயந்திரத்துக்கே பகைவர்கள், முன்னேற்றத்துக்கே முட்டுக்கட்டை" என்று எழுதத் துடிக்கும் பேனாக்கள் உண்டு. பொறுங்கள்! அறிவைப் பழிப்பவன் அல்லன் நான். லைனைத் திட்டமிடுவது லேசான கலையும் அன்று. காரின் தரை விரிப்புக்கு முன்னே இருக்கையை மாட்ட முடியாது; கூரைத் தட்டிக்கு முன்னே செல்லவேண்டிய கம்பி செல்லாவிட்டால் தட்டியைக் கழற்ற வேண்டும். எது முன், எது பின், எதை யாரிடம் கொடுத்தால் யாரும் சும்மா நிற்காமல், யாரும் திணறாமல் இருப்பர் — இதைக் கணித மொழியிலே முதன்முதலாக எழுதி வைத்தவர் சால்வசன் என்ற அமெரிக்கர், 1955இல். அன்று முதல் இன்று வரை உலகத்துக் கணித அறிஞர்கள் இதிலே மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

காரணம் கேளுங்கள். பத்துக் கார்களை எந்த வரிசையிலே லைனிலே விடலாம்? பத்துக் காருக்கே 36,28,800 வழி! இருபது காருக்கு எண்ணிச் சொல்ல நம் ஆயுள் போதாது. ஒரு கார் வெள்ளை, ஒரு கார் சிவப்பு. ஒன்றுக்கு இடப்பக்கம் ஸ்டீயரிங், ஒன்றுக்கு வலப்பக்கம். ஒன்றுக்குக் கூரையிலே கண்ணாடி, ஒன்றுக்கு இல்லை. பிரெஞ்சு நாட்டு ரெனால்ட் நிறுவனம் 2005இல் ஒரு போட்டிக்குத் தன் ஆலைக் கணக்கையே கொடுத்து, "எந்த வரிசையிலே வண்டியை விட்டால் பெயிண்ட் வீணாகாமல், ஸ்டேஷனிலே ஆள் திணறாமல் இருக்கும், சொல்லுங்கள்" என்று கணித மேதைகளைக் கேட்டது. "இத்தனை வண்டிக்கு இத்தனைக்கு மேல் கூரைக் கண்ணாடி வண்டி வரக்கூடாது" என்பது போன்ற கட்டுப்பாடுகள் அந்தக் கணக்கிலே இருந்தன. ஆகவே, ஆள் திணறுவான் என்பது அவர்களுக்குத் தெரியாத இரகசியம் அல்ல!

நம் இளைஞரின் ஐந்து நொடிக்கு வருகிறேன். சாதாரண வண்டிக்கு அவருக்கு 50 நொடி. கூரையிலே கண்ணாடி திறக்கும் வண்டிக்கு 70 நொடி. நான்கிலே ஒன்று அத்தகைய வண்டி. கூட்டி வகுத்தால் சராசரி 55. தாளோ "ஐந்து நொடி சும்மா நிற்கிறான்" என்கிறது. சும்மாவா நிற்கிறான்? எழுபது நொடி வண்டி வந்தால் பத்து நொடி பின்தங்குகிறான். ஓடுகிற லைனோடு தானும் ஓடி, அடுத்தவன் இடத்துக்குள்ளே போய் வேலையை முடிக்கிறான். அடுத்து ஒரு சாதாரண வண்டி வந்தால் பத்து நொடியை மீட்டுக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்புகிறான். இரண்டு கண்ணாடி வண்டி அடுத்தடுத்து வந்தாலும் இரண்டு சாதாரண வண்டியிலே மீண்டுவிடலாம். மூச்சு வாங்கவும் ஒரு வண்டி மிஞ்சும்.

இரண்டு ஸ்க்ரூவைக் கூட்டிய பிறகு? 50 இப்போது 55. 70 இப்போது 75. சராசரி சரியாக அறுபது! தாளிலே தங்கப் பதக்கம்! தரையிலே? ஒரு கண்ணாடி வண்டியிலே பதினைந்து நொடி பின்தங்குகிறவன், மூன்று சாதாரண வண்டியிலே ஐந்தைந்தாகப் பொறுக்கித்தான் அதை மீட்க முடியும். மீட்ட நொடியிலேயே அடுத்த கண்ணாடி வண்டி வந்து நிற்கும். ஒரு ஸ்க்ரூ கைதவறிக் கீழே விழுந்தால் போதும். அன்று ஷிப்ட் முடியும் வரை அந்தக் கடன் அடையாது. அந்த ஐந்து நொடி, நம் இளைஞரின் சோம்பல் அல்ல. லைன் அறுந்து போகாமல் காத்த நூல்!

வாலிகண்டபுரத்துக்கு ஊரார் சொல்லும் கதை உண்டு. வாலி வந்து வழிபட்ட ஊராம். கோயிலுக்கும் வாலீசுவரர் என்றே பெயர். அந்த வாலி எப்படி வீழ்ந்தான்? எதிரே நின்றவனோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தான். அம்போ மறைவிலே இருந்து வந்தது. கதையை நம்பச் சொல்லவில்லை நான்; உவமைக்குக் கடன் வாங்குகிறேன், வட்டி கிடையாது. லைனிலே நிற்பவன் சூப்பர்வைசரோடு மல்லுக்கட்டுகிறான். பாவம், அவரும் கூலிக்கு நிற்பவர்தான்! ஸ்க்ரூவை நகர்த்திய பென்சில் இருப்பதோ குளிரூட்டிய அறையிலே, வேறு மாடியிலே, சில வேளை வேறு நாட்டிலே.

இது நேற்று முளைத்ததல்ல. 1913இல் அமெரிக்காவின் ஹைலண்ட் பார்க் ஆலையிலே ஹென்றி ஃபோர்டு முதலில் காரின் ஒரு சிறு உறுப்பை, காந்தச் சக்கரத்தை, ஓடும் வரிசைக்குக் கொண்டுவந்தார். சிகாகோவின் இறைச்சிக் கூடங்களிலே மாட்டைத் தொங்கவிட்டு நகர்த்தி நகர்த்தி அறுக்கிற முறை இருந்தது. அதைத் திருப்பிப் போட்டால் காரைப் பூட்டுகிற முறை. ஒருவர் தனியாக 20 நிமிடத்திலே செய்த காந்தச் சக்கரம், வேலையைப் பலருக்குப் பங்கிட்டதும் 13 நிமிடமாயிற்று. அதற்கப்புறம் செய்ததுதான் எனக்குப் பிடித்தது: மேடையை எட்டு அங்குலம் உயர்த்தினார்கள். குனிந்த முதுகு நிமிர்ந்தது. நேரம் ஏழு நிமிடமாக இறங்கியது. ஆளை விரட்டாமல், ஆளின் முதுகை நினைத்ததாலே கிடைத்த நேரம் அது! காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது 93 நிமிடமாக வந்தது.

ஆனால் அதே ஆலையிலே, அதே 1913இல், 14,000 பேரை வேலையிலே வைத்திருக்க 52,000 பேருக்கு மேல் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. வந்தவன் நிற்கவில்லை, ஓடினான். 1914 சனவரியிலே ஒரு நாளைக்கு ஐந்து டாலர், எட்டு மணி நேரம் என்று ஃபோர்டு அறிவித்தார். வள்ளல் தன்மை என்று பாடப்புத்தகம் சொல்லும். ஓடினவன் கால்தான் அந்த ஐந்து டாலரை எழுதியது என்பேன் நான்.

சப்பானிலே டொயோட்டாக்காரர்கள் லைன் நெடுகக் கயிறு கட்டினார்கள். கோளாறு கண்டால் தொழிலாளி இழுக்கலாம். தீராவிட்டால் லைன் நிற்கும். அங்கேயும் வேலைப் பளு கொஞ்சமல்ல, சொர்க்கம் என்று யாரும் ஏமாறவேண்டாம். ஆனாலும் "லைனை நிறுத்தும் உரிமை லைனிலே நிற்பவனுக்கு" என்ற எண்ணம் முதலாளியின் கணக்குப் புத்தகத்திலேயே ஏறிவிட்டது, அதைச் சொல்கிறேன்.

நம் நாட்டுக்கு வருவோம். எண்ணூரிலே 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் காரைப் பூட்டிய காலம் ஒன்று. ஹூண்டாய் 1996இல் வந்து, 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலே சான்ட்ரோவை இறக்கிய காலம் இன்னொன்று. பிறகு ஒரகடத்திலே ரெனால்ட் நிசான் 2010இல். 2025இல் தூத்துக்குடியிலே வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட். பருத்தியும் சோளமும் சின்ன வெங்காயமும் விளைவித்த பெரம்பலூர்ச் சீமையின் பிள்ளைகள் ஐ.டி.ஐ. சான்றிதழோடு பேருந்து ஏறி அந்த வரிசைகளிலே போய் நிற்கிறார்கள். நல்லது, நிற்கட்டும். வேலை வந்ததிலே நமக்குப் பெருமை உண்டு. பெருமையோடு கேள்வியும் உண்டு.

2021 மே மாதத்தை நினைவுபடுத்துகிறேன். கொரோனாவின் இரண்டாம் அலை. மே 24 முதல் ஊரே அடங்கிக் கிடந்தது. கார் ஆலை ஓடலாம் என்று விலக்கு. கடைத்தெருவிலே இருவர் ஆறடி தள்ளி நிற்க வேண்டும். லைனிலே ஒரு காருக்குள் இருவர் குனிந்து நிற்கலாமா? ஹூண்டாய் ஆலையிலே அன்றைக்கே தொழிலாளர் உட்கார்ந்துவிட்டனர். ஆலை சில நாள் மூடப்பட்டது. ஒரகடத்திலே ரெனால்ட் நிசான் தொழிலாளர் சங்கம் சென்னை உயர்நீதிமன்றப் படி ஏறியது. இடைவெளி கடைப்பிடிக்கப்படவில்லை என்றது சங்கம். எல்லா விதியும் கடைப்பிடிக்கப்படுகிறது என்றது நிறுவனம். கொடுக்க வேண்டிய வண்டிகள் குவிந்திருக்கின்றன என்றது. வேலைநிறுத்த அறிவிப்பு வந்தது. மே 26 முதல் 30 வரை ஆலை மூடப்பட்டது. அரசின் தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி நேரிலே போய்ப் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

அங்கே பேசப்பட்ட பொருள் என்ன தெரியுமா? கூலி அல்ல, போனஸ் அல்ல. லைனிலே வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே காலி இடம்! இத்தனை வண்டிக்கு ஓர் இடம் காலியாக விடவேண்டும் என்ற விகிதம். காலி இடம் வந்தால் ஒருவன் வேலையை முடித்து வெளியேறிய பிறகு அடுத்தவன் உள்ளே வரலாம். ஒருவர் மூச்சு ஒருவர் மேலே படாது. குளிரூட்டிய அறையின் இரகசியமாக இருந்த கணக்கு, கறுப்பு அங்கி அணிந்தவர்கள் முன்னாலே, பட்டப்பகலிலே, வாதப் பிரதிவாதமாக விரிந்தது. (அந்த ஆலையிலே நிசானுக்கிருந்த பங்கை 2025இல் ரெனால்ட் வாங்கிக்கொண்டது, அது வேறு கதை.)

எனக்கு இந்த வழக்கிலே தீர்ப்பைவிடப் பெரியதாகப் படுவது இதுதான்: தாளத்தை மாற்ற முடியாது, எந்திரம் அப்படி, உலகச் சந்தை அப்படி என்று அதுவரை சொல்லப்பட்டதே, அந்தத் தாளத்திலே ஓர் அடி காலியாக விடலாம் என்று ஆயிற்று. கொள்ளை நோய்க்கு அஞ்சி விடக்கூடிய காலி இடம், முதுகு வலிக்கும் தோள்பட்டை வலிக்கும் விட முடியாததா? கணிப்பொறிக்குக் கூரைக் கண்ணாடியைக் கட்டுப்பாடாகக் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, "ஏழாவது மணி நேரத்திலே மனிதனின் கை முதல் மணி நேரத்துக் கை அல்ல" என்பதையும் ஒரு கட்டுப்பாடாகக் கொடுக்கத் தெரியாதா? கணக்கு கேட்பதைக் கொடுக்கும். கேட்பவன் யார் என்பதிலேதான் இருக்கிறது சூட்சுமம்.

நம் வீட்டுக் கணக்கையும் மறைக்கக் கூடாது. 2023 ஏப்ரல் 21ஆம் நாள் நம் சட்டமன்றத்திலேயே, விரும்பிய ஆலைகளிலே பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியது. தோழமைக் கட்சிகள் எதிர்த்தன. தொழிற்சங்கங்கள் எல்லாம் எதிர்த்தன. மூன்றே நாளிலே நிறுத்தி வைக்கப்பட்டது. மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. சிங்காரவேலர் 1923இல் சென்னைக் கடற்கரையிலே மே நாள் கொண்டாடி நூறாண்டு நிறைந்த அதே மே நாள்! திரும்பப் பெற்றது நன்று. ஆனால் கதவு வழியாக வந்த பன்னிரண்டு மணி நேரத்தைப் பார்த்துக் கூவிய நாம், சன்னல் வழியாக வரும் ஐந்து நொடியைப் பார்த்து உறங்குகிறோமே! மணி நேரத்தைக் கூட்டாமலே வேலையைக் கூட்டலாம் என்பதைத்தான் அந்த இளைஞர் இரண்டு ஸ்க்ரூவிலே காட்டிவிட்டார்.

தொழிற்சங்கத் தோழர்களிடம் ஒரு விண்ணப்பம். கூலி ஒப்பந்தம் எழுதும்போது நூறு ரூபாய்க்கு நாள்கணக்கிலே வாதாடுகிறீர்கள், வாதாட வேண்டியதுதான். அதே மேசையிலே, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எத்தனை நொடி வேலை, எந்த வண்டிக்கு எத்தனை, யார் அளந்தது, எந்த ஷிப்டிலே எந்த மணியிலே அளந்தது என்ற தாளையும் கேளுங்கள். காலை எட்டு மணிக்குக் கைதேர்ந்தவனை வைத்து அளந்த நொடி, இரவு ஷிப்டிலே மூன்று மணிக்கு நிற்கும் டிரெய்னிக்கு எப்படிப் பொருந்தும்? சிறுநீர் கழிக்கப் போகிறவனுக்கு மாற்றாள் எத்தனை பேருக்கு ஒருவர் என்றும் கேளுங்கள். கடிகாரம் அவர்களுக்கு மட்டுமே சொந்தமான கருவியல்ல. நம்மிலும் பத்தாம் வகுப்புக் கணக்குத் தெரிந்தவர் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நானும் அந்தப் படிப்புக்காரன்தான்.

கணக்கைக் கேட்டால் ஆலை ஓடிவிடும் என்று பயமுறுத்துவார்கள். மறைமலை நகரிலே ஃபோர்டு ஆலை கார் உற்பத்தியை விடப்போவதாக 2021 செப்டம்பரிலே அறிவித்தது. தொழிலாளியின் ஐந்து நொடியா காரணம்? நட்டம், விற்பனை இல்லை, செய்யக்கூடிய அளவுக்கு வண்டி வேண்டுவோர் இல்லை — நிறுவனமே சொன்ன காரணங்கள் இவை. லைன் எவ்வளவு கச்சிதமாகச் சமன் செய்யப்பட்டிருந்தாலும், வாங்க ஆள் இல்லாவிட்டால் அது நின்ற தேர்தான்.

இது ஒரகடத்துக் கதை, நமக்கென்ன என்று வாலிகண்டபுரத்துத் தோழர் ஒருவரும் எண்ணவேண்டாம். நாரணமங்கலத்திலே எம்.ஆர்.எஃப். டயர் உருட்டுகிறது. எறையூர் சிப்காட்டிலே காலணிப் பூங்காவுக்கு 2022 நவம்பரிலே அடிக்கல் நாட்டினார்கள். காலணியும் வரிசையிலேதான் உருவாகும். ஒருவர் வெட்ட, ஒருவர் தைக்க, ஒருவர் ஒட்ட, நொடி எண்ணித்தான். களையெடுக்கப் போனபோது, வரிசை பிடித்து முன்னே முடித்தவர் பின்தங்கிய பக்கத்து வரிசைக்காரிக்கு நாலு கை போட்டுக் கொடுத்த நம் வீட்டுப் பெண்கள், அங்கே போய் நிற்கப் போகிறார்கள். பக்கத்தவருக்குக் கை கொடுக்க நேரம் மிச்சமிருக்குமா அந்த வரிசையிலே?

அன்றிரவு அந்த இளைஞரிடம் விடை சொல்லாமல் ஒரு கேள்விதான் கேட்டேன். "அந்த ஐந்து நொடி இருந்தபோது என்ன தம்பி செய்வாய்?" அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "ஒண்ணுமில்லண்ணே. கையை உதறிக்குவேன். எதிர்ப்பக்கத்துல நிக்கிற பையன் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு. இப்ப அவனை கேன்டீன்லதான் பார்க்கிறேன்."

சென்னைப் பேருந்து வந்தது. ஏறும்போது சொன்னார்: அடுத்த முறை வரும்போது தன் ஸ்டேஷனின் வேலையை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு தாளிலே எழுதிக்கொண்டு வருவாராம், எந்த வண்டிக்கு எத்தனை ஸ்க்ரூ என்று. கடிகாரம் நான் கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.